பெரியப்பாவின் கால்கள்

பொங்கலுக்கு ஊரிலிருந்து வந்த பெரியப்பா என் கணினிக்கு முன்னால் ஏழு நிமிடம் உட்கார்ந்தார். அந்த ஏழு நிமிடத்துக்காக எட்டு மாதம் ராத்திரி ராத்திரியாக வேலை பார்த்திருந்தேன். எழுந்திருக்கும்போது முதுகில் தட்டி, "படம் ரொம்ப நல்லா இருக்குடா" என்றார். அப்புறம் கரும்பு வெட்டப் போய்விட்டார். நான் செய்து வைத்திருந்தது விமானம். மூக்கைத் தூக்கினால் ஏறும், வேகம் குறைந்தால் விழும், எல்லாமே கணக்குப்படி நடக்கும் விமானம். அதைப் போய் படம் என்கிறார். குறை சொல்லியிருந்தால்கூட சண்டை போட்டிருக்கலாம். பாராட்டிவிட்டுப் போனவரிடம் என்ன கேட்பது?

பகலில் நான் கணக்குப் பதிவு மென்பொருள் எழுதுகிறவன். வரி விகிதம் மாறினால் அட்டவணையை மாற்றுவது, ரசீது எண் இரண்டு முறை விழுந்தால் ஏன் என்று தேடுவது, அவ்வளவுதான். ராத்திரி பத்தரைக்கு மேல் எனக்குப் பிடித்ததை எழுதுவேன். வீடு பம்மலில். மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனால் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் சக்கரத்தை நீட்டிக்கொண்டு போவது தெரியும். இந்த ஊரில் வளர்ந்தவனுக்கு விமானப் பைத்தியம் பிடிப்பதற்குத் தனிக் காரணம் வேண்டாம். "இன்னிக்கும் கேமா?" என்று மனைவி கேட்கும்போது, கேம் இல்லை, சிமுலேஷன் என்று விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்த காலம் உண்டு. இப்போது ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.

நடுங்கிய காக்பிட்

முதலில் எல்லாவற்றையும் நானே எழுதிவிடலாம் என்றுதான் இறங்கினேன். பொழுதுபோக்குக்கு நிரல் எழுதுகிற எல்லோருக்கும் இந்தத் திமிர் வரும். கோடோ என்ற கேம் என்ஜினில் உருண்டையான பூமி, அதன் மேல் மீனம்பாக்கம், அதன் மேல் ஒரு பெட்டி வடிவ விமானம். பூமியின் மையத்தைத் தொடக்கப்புள்ளியாக வைத்தேன். ஓடுபாதையில் கொண்டுபோய் நிறுத்தியதும் காக்பிட் முழுவதும் உதறியது. வெளியே மலை, மரம் எல்லாம் சும்மா நிற்கின்றன. உள்ளே மீட்டர்கள் மட்டும் மலேரியா வந்ததுபோல் ஆடுகின்றன. ஒரு வாரம் ஃபிசிக்ஸ் பகுதியைக் குடைந்தேன். அங்கே ஒன்றுமில்லை.

விஷயம் எண்ணிலேயே இருந்தது. பூமியின் நடுக்கோட்டு ஆரம் 63,78,137 மீட்டர். சென்னை இருக்கும் இடத்தை மையத்திலிருந்து அளந்தால் ஓர் அச்சில் மட்டும் 61 லட்சம் மீட்டருக்கு மேல் வருகிறது. 32 பிட் தசம எண்ணில் உருப்படியாக இருப்பது சுமார் ஏழு இலக்கம். 61 லட்சம் என்று எழுதியதுமே ஏழும் தீர்ந்துபோகிறது. அவ்வளவு பெரிய எண்ணுக்கு அடுத்து அந்த முறையில் எழுத முடிகிற எண் அரை மீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. அதாவது என் காக்பிட்டில் இருக்கிற ஒரு முள்ளை அரை மீட்டர் துல்லியத்தில்தான் வைக்க முடியும். ஆடாமல் என்ன செய்யும்? இதற்குப் பழைய வைத்தியம் ஒன்று உண்டு: விமானத்தை நகர்த்தாதே, அதைத் தொடக்கப்புள்ளியிலேயே உட்காரவைத்துவிட்டு உலகத்தை அதன் அடியில் இழு. செய்தேன், நடுக்கம் நின்றது. ஆனால் அதற்குள் ஆறு வாரம் போயிருந்தது, விமானம் இன்னும் பெட்டியாகவே இருந்தது. சரி, இது நமக்கு வேண்டாம் என்று ஃப்ளைட்கியருக்குப் போனேன்.

ஃப்ளைட்கியர் 1990களிலிருந்து ஆர்வலர்கள் சேர்ந்து கட்டிவரும் திறமூல சிமுலேட்டர். அதற்குள் ஜேஎஸ்பிசிம் என்ற பறத்தல் கணக்கு நிரல் இருக்கிறது. விமானத்தின் எடை, இறக்கையின் அளவு, எந்தக் கோணத்தில் எவ்வளவு தூக்குவிசை என்பதையெல்லாம் எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதிக் கொடுத்தால் நொடிக்கு 120 முறை கணக்குப் போட்டு விமானம் எங்கே, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லும். நிலப்பரப்பும் வரும். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் சுற்றி ரேடாரில் அளந்த உயரங்கள்தான் இந்த மாதிரி நிலப்பரப்புகள் பலவற்றுக்கும் அடிப்படை. 90 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் பார்த்தால் நம் பரங்கிமலை இலையின் ஓரத்தில் வைத்த ஒரு கரண்டி சாதம் போலத் தெரியும். தேவாலயம் கிடையாது, படிக்கட்டு கிடையாது. போகட்டும்.

துணி போர்த்திய இறக்கை

எந்த விமானத்தைச் செய்வது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. புஷ்பக். 1958-இல் பெங்களூரு எச்ஏஎல் விமானத் தொழிற்சாலையில் முதன்முதலாகப் பறந்தது. ஃப்ளையிங் கிளப்களில் பையன்களுக்குப் பழக்குவதற்கென்றே செய்த சின்ன விமானம். இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரலாம். இறக்கை தலைக்கு மேலே, வாலுக்கு அடியில் ஒரு குட்டிச் சக்கரம், 90 குதிரைசக்தி கான்டினென்டல் என்ஜின். இறக்கையின் முழு நீளம் 36 அடி. ஆட்களோடும் பெட்ரோலோடும் சேர்த்து 600 கிலோவைக் கொஞ்சம் தாண்டும். பெரியப்பா 1974-இல் மீனம்பாக்கத்தில் இதில்தான் பழகினார். தனியாகப் பறக்கிற கட்டம் வரை வந்தார். அப்புறம் தாத்தாவுக்கு உடம்பு முடியாமல் போனது, பணம் நின்றது, பெரியப்பா வங்கி எழுத்தர் தேர்வு எழுதினார். வீட்டில் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசியதில்லை. பறந்த கணக்கை எழுதிவைக்கும் லாக்புக் ஒன்று பீரோவில் இருக்கிறது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

ப்ளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் வேலை தொடங்கியது. புஷ்பக்குக்கு முன்மாதிரி அமெரிக்காவின் ஏரோங்கா சீஃப். அந்தக் குடும்பத்து இறக்கையின் வெட்டுமுகம் நாகா 4412, நாகா என்ற அமெரிக்க விமான ஆய்வு அமைப்பு வகுத்த வடிவம். இந்த நான்கு இலக்கத்தை விளக்கும்போது எனக்கு இன்னமும் ஒரு கிளுகிளுப்பு வரும்: இறக்கையின் அகலத்தில் 4 சதவீதம் வளைவு, அந்த வளைவின் உச்சி 40 சதவீதத்தில், தடிமன் 12 சதவீதம். அவ்வளவுதான், மீதியைச் சூத்திரம் பார்த்துக்கொள்ளும். பைத்தானில் இருபது வரி எழுதினால் இறக்கை வந்துவிடுகிறது. வந்த இறக்கையின் பின் ஓரத்தில் மட்டும் ஒரு மயிரிழை இடைவெளி. என் பிழை என்று நினைத்தேன். சூத்திரமே அப்படித்தானாம். 1930களில் எழுதிய அந்தச் சூத்திரத்தின் கடைசி எண் 0.1015, அதை அப்படியே போட்டால் பின் ஓரம் முழுதாக மூடாது. 0.1036 என்று மாற்றிப் போட்டால் மூடிக்கொள்ளும்.

அடுத்து துணி. புஷ்பக்கின் இறக்கை தகடு அல்ல, துணி போர்த்தி விறைப்பேற்றியது. விலா எலும்பு மாதிரி இருக்கும் சட்டங்களுக்கு நடுவில் துணி லேசாகத் தொய்யும். சாயங்கால வெயில் சாய்வாக விழுந்தால் அந்தத் தொய்வு வரிவரியாகத் தெரியும். அந்தத் தொய்வுக்கு மட்டும் மூன்று வாரம் செலவழித்தேன். சட்டத்தோடு துணியைத் தைத்த முடிச்சுகளை, மேடுபள்ளம் இருப்பதுபோல் கண்ணை ஏமாற்றும் நார்மல் மேப்பில் கொண்டுவர இன்னும் இரண்டு வாரம். மீட்டர் முள்ளில் பெயிண்ட் உரிந்திருப்பது, இருக்கை ரெக்சின் ஓரத்தில் வெளுத்திருப்பது, எல்லாம் உண்டு. பறத்தல் கோப்புக்கு எவ்வளவு நேரம் கொடுத்தேன் என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது. ஏரோமேட்டிக் என்று ஒரு கருவி இருக்கிறது. எடை, இறக்கை நீளம், என்ஜின் சக்தி கொடுத்தால் உத்தேசமாக ஒரு கோப்பை அதுவே எழுதித் தரும். ஒரு சாயங்காலம், அப்புறம் கொஞ்சம் ஒட்டுவேலை.

இவ்வளவு பழசை ஏன் செய்கிறாய் என்று அலுவலக நண்பர் கேட்டார். சிகாகோவில் மெய்க்ஸ் ஃபீல்டு என்று ஏரிக்கரையில் ஒரு குட்டி விமான நிலையம் இருந்தது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரைத் திறந்தால் பல வருடம் அந்த ஓடுபாதையில்தான் நிற்போம். 2003 மார்ச் 30 இரவு புல்டோசர் விட்டு அதை உழுதுவிட்டார்கள். ஆனாலும் என் வயதுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் சிமுலேட்டரில் அங்கிருந்து இன்னமும் வண்டியெடுக்கிறார்கள். நண்பருக்கு இந்தப் பதில் போதவில்லை. எனக்குப் போதும்.

ஏழு நிமிடம்

பொங்கலன்று நடந்ததை நான் பல முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். பெரியப்பா உட்கார்ந்ததும் திரையைப் பார்த்து ஒரு நிமிடம் பேசவில்லை. "அடேய், இந்த காம்பஸ் கூட..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். ஜாய்ஸ்டிக்கைக் கையில் கொடுத்தேன். என்ஜின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளினார். விமானம் ஓடியது, வால் எழுந்தது, கிளம்பியது. இடம் திரும்பினார், வலம் திரும்பினார், ஒரு சுற்று சுற்றி வந்து இறக்கினார். முதல் முயற்சியிலேயே இறக்கம், அதுவும் கோடு போட்ட மாதிரி. ஐம்பது வருடம் கழித்தும் கை மறக்கவில்லையே என்று எனக்குப் பெருமை.

அப்போதுதான் கீழே பார்த்தேன். மேசைக்கு அடியில், வெறும் டைல்ஸ் தரையில், அவருடைய இரண்டு கால்களும் நகர்ந்துகொண்டிருந்தன. வலது குதிகால் ஊன்றி முன்பாதம் அழுத்தும், உடனே இடது. விடாமல், சின்னச் சின்னதாக. தையல் மெஷின் ஓட்டுகிறவரைப் போல என்று எழுத வந்தேன், அது சரியில்லை. தையல் மெஷினில் தாளம் உண்டு. இதில் தாளமே இல்லை, எதையோ கேட்டுக் கேட்டுப் பதில் சொல்வதுபோல் இருந்தது. ஓடுபாதையில் விமானம் நேராக ஓட ஓட, அந்தக் கால்கள் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்து நின்றுவிட்டன. நின்ற பிறகுதான் "படம் ரொம்ப நல்லா இருக்குடா" வந்தது.

இரண்டு நாள் கழித்து ஃபோனில் கேட்டேன். நேரில் கேட்கத் தைரியம் இல்லை.

"பெரியப்பா, அது நிஜத்துல எப்படி இருக்கும்?"

"எதுடா?"

"ஓடும்போது. கிளம்பும்போது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அது பின்பாரம் ஏத்துன வண்டிடா. நீ விட்டா அது உன்னைத் திருப்பிப் போட்டுட்டுப் போயிடும். எங்க இன்ஸ்ட்ரக்டர், கையைக் கட்டிக்கிட்டு உக்காரு, கால் மட்டும் போதும்னுவார். உன்னுது பாவம், ரொம்ப சாது."

நான் சரிசெய்த பிழை

பின்பாரம் என்ற சொல் என்னைத் தூங்கவிடவில்லை. வாலில் சக்கரம் வைத்த விமானத்தில் பெரிய சக்கரங்கள் இரண்டும் முன்னால் இருக்கின்றன, எடையின் மையம் அவற்றுக்குப் பின்னால். நேராக ஓடும்வரை பிரச்சினை இல்லை. மூக்கு இம்மி திரும்பினாலும் பின்னால் இருக்கும் கனம் பழைய திசையிலேயே போகப் பார்க்கும், அது மூக்கை இன்னும் திருப்பும், திரும்பத் திரும்ப இன்னும் வேகமாக. கடைசியில் வால் முன்னால் வந்துவிடும். அதற்கு முன், வாலில் மூக்கைத் திருப்புவதற்கென்று இருக்கும் ரட்டரைக் கால் பெடலால் மிதித்துச் சரிக்கட்ட வேண்டும், மிதித்ததை உடனே எடுக்கவும் வேண்டும். போதாததற்கு, முழு த்ராட்டிலில் சுழலும் ப்ரொப்பல்லரே மூக்கை இடப்பக்கம் இழுக்கும். இதெல்லாம் நான் படித்ததுதான், தெரியாதது இல்லை. அப்படியானால் என் விமானம் ஏன் சாது?

ஏரோமேட்டிக் கொடுத்த கோப்பில்தான் ஏதோ இல்லை என்று தேடினேன். ப்ரொப்பல்லர் இழுப்புக்கான பி ஃபேக்டர் என்ற வரியே இல்லை. சரி, ஒன்று பிடிபட்டது. அப்புறம் தொடக்கக் கட்டளையைப் பார்த்தேன். அதில் ஒரு வரி: ஆட்டோ கோஆர்டினேஷன், எனேபிள். பெடல் இல்லாதவர்களுக்காக வைத்திருக்கிற வசதி. விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின் ஓரத்தில் இருக்கும் எய்லரானை அசைத்தால் ரட்டரையும் அதற்கேற்ப அதுவே அசைத்துவிடும். நிஜத்தில் வலப்பக்கம் சாய்க்கும்போது இடது இறக்கையில் எய்லரான் கீழே இறங்கித் தூக்குவிசையைக் கூட்டுகிறது. கூடவே இழுவையையும் கூட்டுகிறது. அதனால் வலம் போகச் சொன்ன விமானத்தின் மூக்கு முதலில் இடப்பக்கம் கோணும். நீளமான இறக்கை, குறைந்த வேகம் என்றால் இந்தக் கோணல் அதிகம். அதை அடக்குவதுதான் காலின் வேலை. அந்த வேலையைப் பெரியப்பாவுக்கு முன்னாலேயே ஒரு ஆள் செய்துகொண்டிருந்திருக்கிறான். முதல் நாள் விசைப்பலகையில் ஓட்டிப் பார்க்க நானே போட்ட வரி, மறந்தே போய்விட்டேன்.

இதோடு விட்டிருந்தால் மானம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். இரண்டையும் மாற்றிய பிறகும் தரையில் அது நேராகத்தான் ஓடியது. சக்கரங்களின் எண்களைப் பார்த்தேன். வால் சக்கரத்தின் பக்கவாட்டு உராய்வு, ஒரு லாரி டயருக்குக்கூட இருக்காத அளவுக்குப் பெரிய எண். இதை யார் போட்டது? நிரலில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில் அந்த வரியின் சரித்திரத்தைக் கேட்டேன். போன வருடம் ஜூன், ராத்திரி 1.40, என் பெயர். நானே எழுதிய குறிப்பு: "தரையில் சுற்றும் பிழை சரிசெய்யப்பட்டது."

எனக்கு அந்த ராத்திரி நன்றாக நினைவு வந்தது. விமானம் முதன்முதலாக ஓடிய நாள். கொஞ்ச தூரம் போனதும் சரேலென்று வட்டமடித்து ஓடுபாதைக்கு வெளியே போய் நின்றது. பத்து முறை செய்தேன், பத்து முறையும் அப்படியே. நான் ரொம்ப எரிச்சலில் இருந்தேன். உராய்வைக் கூட்டினேன், கூட்டினேன், நேராக ஓடும்வரை கூட்டினேன். குறிப்பு எழுதிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். என் பங்கு ஒன்றுமே இல்லாமல், வெறும் எடையும் சக்கரத்தின் இடமும் கொடுத்ததற்கே, அந்தக் கணக்கு புஷ்பக் எப்படி நடந்துகொள்ளும் என்பதில் பாதியை அன்றைக்கே சொல்லியிருக்கிறது. நான்தான் அதைப் பிழை என்று எழுதி மூடியிருக்கிறேன். அதற்கு அப்புறம் ஏழு மாதம் துணியின் தொய்வை இழைத்துக்கொண்டிருந்தேன்.

பகல் வேலையில் இந்தப் பழக்கம் எனக்கு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரசீது மொத்தம் ஒரு ரூபாய் இடித்தால், எங்கே என்று பார்ப்பதற்கு முன்னால் கை ரவுண்டிங் பக்கம் போகும்.

பலகையும் கீலும்

மாற்றத்தைத் திருப்பி எடுப்பது ஒரு கட்டளைதான். எடுத்த பிறகு என்னால் என் விமானத்தை ஓட்ட முடியவில்லை. ஜாய்ஸ்டிக்கை முறுக்கி ரட்டர் பிடித்துப் பார்த்தேன், கைக்கு அந்த நிதானம் வரவில்லை. கால்தான் வேண்டும். கடையில் விற்கும் பெடல்களின் விலையைப் பார்த்துவிட்டு ரிச்சி தெருவுக்குப் போய் ஆர்டுவினோ ப்ரோ மைக்ரோ என்ற குட்டி சர்க்யூட் போர்டும், எவ்வளவு திரும்பியது என்று அளக்க இரண்டு பொட்டென்ஷியோமீட்டரும் வாங்கிவந்தேன். அந்த ஆர்டுவினோ தன்னை ஒரு ஜாய்ஸ்டிக் என்று கணினியிடம் அறிமுகம் செய்துகொள்ளும். தெருமுனைத் தச்சரிடம் ப்ளைவுட்டில் இரண்டு பலகை, கதவுக் கீல் இரண்டு, நடுவில் சுழலும் ஒரு கட்டை. ஒன்றை மிதித்தால் மற்றது பின்னால் வரவேண்டும் என்று விளக்கினேன். "என்ன மெஷின் சார் இது?" என்றார். விமானம் என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. முதல் பெடல் தரையில் வழுக்கிக்கொண்டே போனது. அடியில் சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டிய பிறகு நின்றது.

மே மாதம் ஒரு கல்யாணத்துக்காகப் பெரியப்பா மறுபடியும் வந்தார். நான் கூப்பிடவில்லை. அவரே அறைக்கு வந்தார், கீழே பலகையைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார். ஒன்றும் சொல்லாமல் த்ராட்டிலைத் தள்ளினார். பாதி ஓடுபாதையில் விமானம் இடப்பக்கம் வெட்டிப் புல்லில் போய் நின்றது. "ம்" என்றார். இரண்டாவது முறை வால் எழுந்தது, அப்புறம் மறுபடியும் புல். இரண்டு முறை புல்லுக்குப் போனதில் அவர் முகம் கல்யாண வீட்டில்கூட அப்படி இல்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மூன்றாவது முறை கிளம்பினார். மேலே போய் ரொம்ப நேரம் வலமும் இடமுமாகச் சாய்த்துக்கொண்டே இருந்தார், மூக்கை ஒரே இடத்தில் நிறுத்திக்கொண்டு. மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள், ஆறிப்போனது. இறங்கும்போது ஒரு துள்ளு துள்ளியது. கால்கள் இரண்டும் விடாமல் பேசிக்கொண்டே இருந்தன. ஓடுபாதையை விட்டு வெளியே வந்து, ஓரமாக, நேராக நின்றது.

நான் கைதட்டப் போனேன். அவர் எழுந்திருக்கவில்லை. முன்பலகையில் எதையோ தேடினார்.

"ஸ்விட்ச் ஆஃப் பண்ணணும்டா."

"பரவாயில்ல பெரியப்பா, நான் மூடிக்கிறேன்."

"அப்படி விடக்கூடாது. இதுக்கு செல்ஃப் கிடையாது, வெளியில ஒருத்தன் நின்னு கையால ப்ரொப்பல்லரைச் சுத்திதான் ஸ்டார்ட் பண்ணணும். என்ஜினுக்குத் தீப்பொறி குடுக்கிற மேக்னட்டோ ஆன்ல இருந்தா, எவனாவது சும்மா ப்ரொப்பல்லர்ல கை வச்சாக்கூட அடிச்சிடும்." விரலைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனார். இடது மூலையில் பித்தளை நிறத்தில், முனை தேய்ந்து, எழுத்து பாதி அழிந்து, நான் நான்கு ராத்திரி உட்கார்ந்து வரைந்த மேக்னட்டோ ஸ்விட்ச். "இதான? திருப்பு."

"அது படம், பெரியப்பா."

அவர் என்னைப் பார்த்தார். விசைப்பலகையில் அதற்கு ஒரு விசை இருக்கிறது, அவசரத்தில் எது என்று வரவில்லை. தேடிப் பிடித்து மூன்று முறை அழுத்தினேன். சத்தம் நின்றது. ப்ரொப்பல்லர் இன்னும் இரண்டு சுற்று சுற்றி, தயங்கி, குறுக்காக நின்றது. அதுவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பலகையிலிருந்து வலது காலை எடுத்தார், அப்புறம் இடது காலை. செருப்பைத் தேடினார்.